சோடியம் 124, ஆனால் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார்கள். உப்பைத்தானே கூட்டணும்?

மழைத்துளி:
அம்மாவுக்கு 71 வயது. பிரஷருக்குப் புது மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று திடீரென்று தடுமாறினார், இன்றைக்குச் செவ்வாயா புதனா என்று நாலு தடவை கேட்டார். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 124. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரையாம். டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தி வார்டில் சேர்த்துவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்று கண்டிப்பு வேறு. பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அம்மா கோட்டையும் பார்க்கிறார், என்னையும் முறைக்கிறார். கிரியேட்டினின் நார்மல், கிட்னியில் பழுதில்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் இப்படி?

வார்டு12:
நான் சிறுநீரகப் பிரிவில் 22 வருஷம் நர்ஸாக இருந்தவள். முதல் விஷயம், 124 என்பது உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்ற கணக்கு இல்லை. ஒரு லிட்டரில் எவ்வளவு என்பதுதான். உப்புக் கரைசலில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினால் உப்பு எங்கும் போய்விடவில்லை, ஆனால் கரைசல் நீர்த்துவிட்டது. நான் பார்த்த சோடியம் குறைவுகளில் பெரும்பாலானவை இப்படித் தண்ணீர் கூடியவைதான்.

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு வெளியே விட்டு, மீதியை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடைசிக் குழாயில் எவ்வளவு தண்ணீரை மீட்பது என்பது மூளையில் சுரக்கும் வாசோப்ரெசின் சொல்கிறபடி. அது வந்தால் குழாயின் சுவரில் தண்ணீர்க் கதவுகள் திறக்கும், சிறுநீர் கெட்டியாகும். வராவிட்டால் வெளுத்த சிறுநீர். (அக்வாபோரின் என்ற அந்தக் கதவுகளைக் கண்டுபிடித்ததற்குப் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.)

அதனால் வார்டில் நான் முதலில் பார்ப்பது சிறுநீர் பாட்டிலைத்தான். ரத்தம் நீர்த்திருக்கும்போது சிறுநீர் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கணும். மஞ்சளாக, கெட்டியாக இருந்தால் கதவுகள் மூடவேண்டிய நேரத்தில் திறந்திருக்கின்றன என்று அர்த்தம்.

மாத்திரை அட்டையைப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்று ஏதாவது இருக்கிறதா? சிறுநீரை நீர்க்கச் செய்ய, உப்பை மட்டும் திரும்ப எடுக்கும் ஒரு பகுதி குழாயில் உண்டு. இவை அந்த இடத்தைத்தான் அடைக்கின்றன. குடித்த தண்ணீர் வெளியேற வழி குறைந்துபோகும். வயதான, ஒல்லியான பெண்களிடம் இது அதிகம்.

நடுநிசி:
எனக்கு நேர் எதிர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் அறுவை சிகிச்சை செய்த பிறகு வாசோப்ரெசின் நின்றுபோய், ஒரு நாளைக்கு 9 லிட்டர் சிறுநீர். தலைமாட்டில் இரண்டு குடுவை வைத்துத்தான் படுப்பேன். சீட்டில் 'டயாபடிஸ் இன்சிபிடஸ்' என்று இருந்ததைப் பார்த்து, ஒரு வார்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள், தண்ணீரை மறந்துவிட்டார்கள்! சோடியம் 151-க்குப் போனது. சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் குழப்பத்துக்காகவே 2022-இல் பெயரை வாசோப்ரெசின் குறைபாடு என்று மாற்றினார்கள். இப்போது வாசோப்ரெசினுக்குப் பதிலாகக் கொடுக்கும் டெஸ்மோப்ரெசின் மாத்திரையில் நிம்மதி. ஆனால் மாத்திரை வேலை செய்யும்போது பழக்கதோஷத்தில் குடித்தால், நானும் உங்கள் அம்மா கட்சிதான்.

மழைத்துளி:
சிஸ்டர், அட்டையில் பொடி எழுத்தில் குளோர்தாலிடோன்! வேறொரு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரை. இன்று காலை சோடியம் 129. ஒரு நாளில் அஞ்சுதான் ஏறியிருக்கிறது, இவ்வளவு மெதுவாகவா?

வார்டு12:
அஞ்சு நல்ல ஏற்றம். 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டினால் நாங்கள் டாக்டரை எழுப்பிவிடுவோம். சோடியம் குறைந்தபோது மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகுந்தது, அதுதான் அந்தச் செவ்வாய் புதன் குழப்பம். ஓரிரு நாளில் மூளை தன்னிடமிருந்த உப்புகளை வெளியேற்றிச் சமாளித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சடாரென்று ஏற்றினால் செல்கள் சுருங்கி, நரம்புகளின் உறை சிதையும். பேச்சே போய்விடலாம். அதனால் யாராவது உப்பைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கில் சோடியம் குறைந்தவர்களுக்குத்தான் உப்பும் தண்ணீரும் சேர்ந்து வேண்டும், அது வேறு கதை.

அப்புறம், அம்மா ஐஸ் கட்டி கேட்டால் அதையும் கோட்டுக்குள் சேருங்கள். எல்லோரும் அதில்தான் ஏமாற்றுவார்கள்.