ஜப்பானை விட்டு வெளியே வராத மூன்றாவது கேம்

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை

கவிதா (இரவு 8:04): பிள்ளைகளா, ஒரு சந்தேகம். நிலவனுக்கு அடுத்த வாரம் பிறந்தநாள். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் ‘ட்ரையல்ஸ் ஆஃப் மானா’ கேம் வேண்டும் என்கிறான். தேடிப் பார்த்தால் புதிதாக 3டியில் செய்தது ஒன்று வருகிறது. ‘கலெக்‌ஷன் ஆஃப் மானா’ என்று மூன்று பழைய கேம்கள் சேர்ந்தது இன்னொன்று. அதற்குள்ளும் இதே பெயர் இருக்கிறது. எதை வாங்கட்டும்?

பாலா (8:06): கலெக்‌ஷன், அக்கா. யோசிக்கவே வேண்டாம்.

செந்தில் (8:09): 40 டாலர் போட்டிருக்கிறான். முப்பது வருடப் பழைய கேமுக்கு இது அதிகம் இல்லையா?

பாலா (8:15): அதிலுள்ள மூன்றாவது கேம், ‘ட்ரையல்ஸ்’, அதற்காகவே கொடுக்கலாம் அண்ணா. 1995-இல் நிண்டெண்டோவின் பழைய கருவியான சூப்பர் ஃபாமிகாமில் (வெளிநாடுகளில் அதுதான் சூப்பர் நிண்டெண்டோ) ‘செய்க்கென் டென்செட்சு 3’ என்று வந்தது. ஜப்பானில் மட்டும். அதற்கு முந்தைய பாகம், 1993-இல் வந்த ‘சீக்ரெட் ஆஃப் மானா’, அமெரிக்கா, ஐரோப்பா எல்லாம் போய் நல்ல பெயர் வாங்கியது. அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தவர்களுக்குக் கடைசி வரை ஒன்றும் வரவில்லை. இந்தத் தொகுப்பில்தான், 2019 ஜூனில், முதல்முறையாக அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் வந்தது. கிட்டத்தட்ட 24 வருடம்!

மீனா (8:17): அதிலும் ஜப்பானில் இதே மூன்று கேம்களை 2017-லேயே ஸ்விட்ச்சில் போட்டுவிட்டார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் எங்களுக்கு எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019 ஜூன் 11 அன்று நிண்டெண்டோ நேரலையில் அறிவித்தார்கள், அன்றைக்கே டிஜிட்டல் கடையிலும் விற்பனைக்கு வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் அழுதேன் அக்கா, உண்மையாகவே.

கவிதா (8:18): கேமுக்கா அழுதாய்?

மீனா (8:24): ஹாஸ்டலில், பழைய கேம் கருவியைப்போலக் கணினியை இயங்கவைக்கிற எமுலேட்டரில்தான் இதை ஆடியிருக்கிறேன். ரசிகர்களே உட்கார்ந்து மொழிபெயர்த்து, 2000-ஐ ஒட்டி இணையத்தில் விட்ட பதிப்பு. யாரும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. மொத்த கேமே 4 எம்பிதான். ஜப்பானிய எழுத்தில் நாலைந்து எழுத்தில் முடிகிற வசனம் ஆங்கிலத்தில் ஒரு வரி முழுக்க இழுக்கும். அதை அந்த இடத்துக்குள் அடக்க கேமின் உள்ளே போய்க் கைவைக்க வேண்டும். அவர்கள் இதைச் செய்யாமல் விட்டிருந்தால் வெளியில் யாருக்கும் இந்த கேம் நினைவிலேயே இருந்திருக்காது. கம்பெனி இத்தனை வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்ததற்கு அவர்களும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

செந்தில் (8:27): சரி, பழைய கருவியில் செருகுகிற ஒரிஜினல் கேட்ரிட்ஜையே தேடி வாங்கலாமே? சேகரிப்பவர்கள் அதைத்தானே வாங்குகிறார்கள்?

பாலா (8:31): வாங்கலாம், ஆனால் எல்லாம் ஜப்பானிய எழுத்து. அதோடு அந்தக் காலத்து கேட்ரிட்ஜில் நாம் சேமித்த ஆட்டம் உள்ளே இருக்கிற ஒரு பொத்தான் பேட்டரியை நம்பித்தான் இருக்கும். இத்தனை வருடத்தில் பல பேட்டரிகள் தீர்ந்திருக்கும். பழையதை எடுத்துவிட்டு வேறு பற்றவைத்தால்தான் சேமிக்க முடியும். அலமாரியில் வைக்க அழகாக இருக்கும். பிள்ளை ஆடுவதற்கு அது வேண்டாம்.

கவிதா (8:33): புதிய 3டியை ஏன் வேண்டாம் என்கிறாய், அதைச் சொல்லுடா. படத்தில் அதுதான் பளிச்சென்று இருக்கிறது.

பாலா (8:36): அது 2020-இல் வந்த ரீமேக். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் மட்டும்தான் ஆட முடியும். உங்கள் வீட்டில் யாழினியும் இருக்கிறாளே.

பாலா (8:37): பழைய ‘ட்ரையல்ஸ்’ இரண்டு பேர் ஆடலாம். ‘சீக்ரெட் ஆஃப் மானா’வில் மூன்று பேர். நீங்களும் ஒரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு உட்காரலாம்.

கவிதா (8:38): ஐயோ, எனக்கு இந்தச் சண்டையெல்லாம் வராது.

மீனா (8:41): வரும் அக்கா. ‘சீக்ரெட்’டில் ஒரு பொத்தானை அழுத்தினால் உங்கள் ஆளைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னப் படங்கள் வரும். வாள், மந்திரம், மிட்டாய். அது திறந்திருக்கும்வரை சண்டை அப்படியே நிற்கும், எதிரியும் அசையமாட்டான். நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுக்கலாம். புதிதாக ஆடுபவர்களுக்கு இதைவிட அன்பான ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

மீனா (8:43): டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ‘சீக்ரெட்’டின் முதல் திரையில் ஒரு பெரிய மரம், வெள்ளைப் பறவைகள், திமிங்கிலம் கூப்பிடுகிற மாதிரி ஒரு ஒலி, அதிலிருந்து பியானோ. ஹிரோகி கிகுதா இசை. மரத்தை வரைந்தவர் ஹிரோ இசோனோ, காடுகளாகவே வரைந்த ஓவியர்.

பாலா (8:50): இந்த ‘சீக்ரெட்’ முதலில் சிடியில் வரவேண்டிய கேம். சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஒரு சிடி கருவி கொண்டுவர நிண்டெண்டோவும் சோனியும் சேர்ந்து திட்டம் போட்டிருந்தன. அந்தக் கூட்டு முறிந்ததும், யோசித்து வைத்திருந்த பெரிய கதையை 2 எம்பி கேட்ரிட்ஜுக்குள் வெட்டிச் சுருக்கினார்கள். அப்புறம் ஆங்கிலத்தில் மாற்ற மொழிபெயர்ப்பாளர் டெட் வூல்சிக்குக் கிடைத்தது 30 நாள்தான். சில இடங்களில் பேச்சு சட்டென்று முடிந்துபோவதுபோல் இருக்கும், அது இதனால்தான். தொகுப்பிலும் அந்தப் பழைய ஆங்கிலத்தையே வைத்திருக்கிறார்கள்.

செந்தில் (8:53): முதல் கேமைப் பற்றி யாரும் பேசவில்லையே?

பாலா (8:55): 1991, நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய். கறுப்பு வெள்ளை, ஒருவர் ஆட்டம். ‘ஃபைனல் ஃபேன்டஸி’ என்ற கேம் வரிசையின் கிளைக்கதையாகத் தொடங்கியது. குகைக்குள் போகும் முன் சாவியும் பிக்காசும் வாங்கி வைக்க வேண்டும், எடுத்துப் பயன்படுத்தினால் தீர்ந்துபோகும். மெதுவாகப் பிறகு ஆடட்டும்.

செந்தில் (8:57): விலையில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. வேறு என்ன தருகிறார்கள்?

பாலா (9:01): எந்த இடத்திலும் சட்டென்று சேமித்துக்கொள்ளலாம், பாடல்களைத் தனியாகக் கேட்கலாம், திரை அளவை மாற்றலாம். இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் அண்ணா. இவ்வளவு வரலாறு இருக்கும்போது வரைபடங்கள், பழைய கையேடுகள், செய்தவர்களின் பேட்டி எல்லாம் சேர்த்திருக்க வேண்டும். தள்ளுபடி வரும்போது வாங்குவது நல்லது.

கவிதா (9:03): பிறந்தநாள் தள்ளுபடிக்காகக் காத்திருக்காதே. வாங்கிவிடுகிறேன்.

கவிதா (9:10): நிலவன் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டான். இனி ரகசியம் இல்லை. அவனே தட்டச்சு செய்கிறானாம்.

கவிதா (9:12): பாலா மாமா நான் நிலவன். ‘ட்ரையல்ஸ்’ கேமில் ஆறு பேரில் மூன்று பேரைத்தானே எடுக்க முடியும்? யாரை எடுக்கட்டும்?

பாலா (9:17): வாடா நிலவா. முதலில் எடுக்கிற ஆள்தான் முக்கியம். அவன் ஊரில்தான் கதை தொடங்கும், கடைசி எதிரி யார் என்பதும் அவனைப் பொறுத்துத்தான். டூரன், ஏஞ்சலா இருவருக்கும் ஒரே கடைசி எதிரி. கெவின், சார்லட் இருவருக்கும் வேறு ஒருவன். ஹாக்கை, ரீஸ் இருவருக்கும் இன்னொருவன். மூன்று தடவை ஆடினால்தான் மூன்று முடிவையும் பார்க்க முடியும்.

மீனா (9:19): கெவினை எடு! பகலில் சாதாரணப் பையன். கேமில் பொழுது சாய்ந்ததும் சண்டையில் ஓநாயாக மாறிவிடுவான், அடி பலமாக விழும்.

பாலா (9:20): சார்லட்டையும் சேர்த்துக்கொள். 18-ஆவது நிலையில் மானாக் கல்லின் முன் ஒவ்வொருவரும் ஒளிப்பக்கமா இருள்பக்கமா என்று தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு முன் காயம் ஆற்றும் மந்திரம் அவளிடம் மட்டும்தான் உண்டு.

கவிதா (9:22): யாழினி ரீஸ்தான் வேண்டும் என்கிறாள். ஈட்டி வைத்திருக்கிறாளாமே

பாலா (9:23): அப்படியே எடுங்கள். கெவின் உனக்கு, ரீஸ் அவளுக்கு, சார்லட் தானாகச் சண்டை போடுவாள்.

கவிதா (9:25): அம்மா போனைக் கேட்கிறார்கள். நன்றி மாமா, நன்றி மீனா சித்தி

செந்தில் (9:31): கவிதா, கூடுதல் கன்ட்ரோலர் இருக்கிறதா? இல்லையென்றால் அதை நான் வாங்கி அனுப்புகிறேன்.