மெண்டல்சோனின் பதின்ம வயது இசை: வயதுக்காகக் கேட்கிறோமா, இசைக்காகக் கேட்கிறோமா?

இளம்பிறை:
சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் உயர்நிலை நான்கில் சாதாரண நிலைத் தேர்வுக்குப் படிக்கும் அதே பதினாறு வயதில், 1825இல், பெர்லினில் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ ஆகியவற்றுக்காக ஆக்டெட், அதாவது எட்டுக் கருவிகளுக்கான இசை, ஒன்றை (ஓபஸ் 20, அதாவது படைப்பு எண் 20) எழுதி முடித்தார். எஸ்பிளனேட்டுக்கும் விக்டோரியா இசை அரங்குக்கும் தவறாமல் செல்லும் நம்மவர்கள்கூட அவருடைய திருமண அணிவகுப்பு இசையோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அவருடைய பதின்ம வயதுப் படைப்புகள் பிற்காலச் சிம்பொனிகளுக்குச் சமமான இடத்தில் வைத்துக் கேட்கத் தக்கவை என்பது என் உறுதியான கருத்து. மாற்றுக் கருத்துடையவர்கள் எழுதுங்கள்.

பிடோக்வாசி:
இளம்பிறை அவர்களே, எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. வயதை முதலில் சொல்லிவிட்டால் கேட்பவரின் காது பாதி இணங்கிவிடுகிறது. மெண்டல்சோன் வங்கியாளர் வீட்டுப் பிள்ளை. ஸெல்ட்டர் போன்ற ஆசிரியர் வாய்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே கச்சேரி நடந்தது. வாசிக்கக் கைதேர்ந்த கலைஞர்கள் அமர்த்தப்பட்டார்கள். எழுதியதை உடனே வாசிக்கக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு வேறு எத்தனை பதினாறு வயதினருக்குக் கிடைத்திருக்கும்? மேலும், இன்று அரங்குகளில் ஒலிப்பது 1825இன் வடிவமே அன்று. 1832இல் அவர் வெட்டியும் மாற்றியும் அச்சுக்கு அணியமாக்கிய வடிவத்தைத்தான் நாம் கேட்கிறோம்; அப்போது அவருக்கு வயது 23. பிள்ளைகளை ஒப்பிட்டே வாட்டி எடுக்கும் நம் ஊரில், மேதைக் குழந்தைக் கதைகளை மேலும் பரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

இளம்பிறை:
ஐயா, வசதியைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் வசதி வாசிப்பவர்களைத் தரும். ஃபியூக் (ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுப் பின்னும் வடிவம்) எழுதித் தராது. கடைசிப் பகுதியின் தொடக்கத்தைக் கேளுங்கள். இரண்டாம் செல்லோ அடிமட்டத்தில், உறுமலைப் போல, வேகமான கருப்பொருளைத் தொடங்குகிறது. அதை ஒவ்வொரு கருவியாக ஏற்றுக்கொண்டு மேலே மேலே செல்ல, முதல் வயலின் வந்து சேரும்போது எட்டுக் குரல்களும் தனித்தனியே ஓடியபடி ஒரே உடலாக ஒலிக்கின்றன. லூயி ஷ்போர் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளர் அதே காலத்தில் எட்டுக் கருவிகளுக்கு எழுதியபோது அவற்றை இரண்டு நால்வர் குழுக்களாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்தினார். இந்தச் சிறுவர் அந்தச் சுவரை எடுத்துவிட்டார். எட்டுப் பேரும் சிம்பொனி இசைக்குழுவின் பாணியில் வாசிக்க வேண்டும் என்று குறிப்பும் எழுதிவைத்தார்.

திருத்தம் பற்றி: 1825ஆம் ஆண்டின் கையெழுத்துப் படி வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அந்த முதல் வடிவமும் வாசிக்கப்பட்டிருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். சற்று நீளமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்பனை முழுவதும் அதிலேயே இருக்கிறது. பதின்ம வயதில் 72 மேளகர்த்தாக்களிலும் கீர்த்தனை இயற்ற முற்பட்ட பாலமுரளி கிருஷ்ணாவின் பாடல்களை எந்த வித்வானும் வயதைக் காரணம் காட்டித் தள்ளிவைப்பதில்லை.

வீணைமாணவி:
இளம்பிறை அக்கா, பிடோக்வாசி ஐயா, இருவரும் ஒரு பெயரை விட்டுவிட்டீர்கள். அதே வீட்டில், அதே ஸெல்ட்டரிடம், ஃபெலிக்ஸைவிட மூன்று வயது மூத்த ஃபான்னியும் பயின்றார். 1820இல், அவருக்கு 14 வயதாக இருந்தபோது, இசை தம்பிக்குத் தொழிலாக அமையக்கூடும், உனக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்ற பொருளில் தந்தை கடிதம் எழுதினார். ஃபான்னியின் மூன்று பாடல்கள் தம்பியின் ஓபஸ் 8 தொகுப்பில் தம்பியின் பெயரிலேயே வெளிவந்தன. 1842இல் விக்டோரியா அரசியார் அத்தொகுப்பிலிருந்து 'இத்தாலி' (Italien) என்ற பாடலை விரும்பிப் பாட, அது தம் தமக்கையின் படைப்பு என்று ஃபெலிக்ஸ் சொல்ல நேர்ந்தது. பதின்ம வயது இசையைத் தேடிக் கேட்பதென்றால் ஃபான்னியின் இளமைக்காலப் பாடல்களிலிருந்து தொடங்கலாமே!

பிடோக்வாசி:
வீணைமாணவி சொன்னது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது: யாருடைய இளமை இசை நம் காதுக்கு வருகிறது என்பதை வீடும் பதிப்பாளரும் முடிவு செய்திருக்கிறார்கள். ஆக்டெட்டை நான் ஏற்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1821 முதல் 1823 வரை எழுதிய பன்னிரண்டு நரம்பிசைச் சிம்பொனிகளை என்ன செய்வது? அவற்றில் இசையமைப்பாளர் பாகின் (Bach) மகன்களும் மொஸார்ட்டும் அப்படியே கேட்கிறார்கள். அவை ஆசிரியருக்குக் காட்ட எழுதிய பாடங்கள். அவற்றையும் அரங்கில் ஏற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இளம்பிறை:
முதல் ஆறு சிம்பொனிகளுக்கு உங்கள் கூற்று பெரிதும் பொருந்தும். அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன். ஒன்பதாவதுக்காக வாதாடுவேன். 1823இல், பதினான்கு வயதில் எழுதியது. அதன் மெதுவான பகுதியில் முதலில் வயலின்கள் மட்டுமே நான்காகப் பிரிந்து உயரத்தில் நின்று வாசிக்கின்றன. கீழே எந்தத் தாங்கலும் இல்லை. பிறகு அவை ஓய்ந்துவிட, வயோலாவும் செல்லோவும் டபுள் பேஸும் மட்டும் இருண்ட, பின்னலான ஓர் உரையாடலை நடத்துகின்றன. ஒரே இசைக்குழுவை ஒளியாகவும் நிழலாகவும் இப்படிக் கிழித்துப் பார்க்கும் துணிவு எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் வந்ததாகத் தெரியவில்லை. அடுத்த பகுதியில் முந்தைய ஆண்டுக் குடும்பப் பயணத்தில் கேட்ட சுவிட்சர்லாந்து நாட்டுப்புற மெட்டு வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதினேழு வயதில், 1826இல், ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தை மனத்தில் கொண்டு அவர் ஒரு தொடக்க இசை எழுதினார். அந்நாடகத்துக்கு முழு இசையும் எழுதி 1843இல் போட்ஸ்டாமில் அரங்கேற்றியபோது, முப்பத்து நான்கு வயது நிறைந்த அவர், அந்தப் பழைய தொடக்க இசையையே முன்னால் வைத்தார். திருமண அணிவகுப்பு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

பிடோக்வாசி:
ஒன்பதாவதையும் அந்தத் தொடக்க இசையையும் தனியே எடுத்துக்கொள்ள ஒப்புகிறேன். மற்ற சிம்பொனிகளைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. 1827இல், பேத்தோவன் மறைந்த அதே ஆண்டில், பேத்தோவனின் கடைசிக் கால நால்வர் இசையை (நான்கு நரம்புக் கருவிகளுக்கான இசையை) உள்வாங்கி மெண்டல்சோன் எழுதிய ஏ மைனர் நால்வர் இசை (ஓபஸ் 13) பற்றி நீங்கள் இன்னும் பேசவில்லை. பதினெட்டு வயதுப் படைப்புகளில் எனக்குத் தடையின்றிப் பிடித்தது அது ஒன்றுதான். அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், மேலும் வாதிடுவோம்.