நீண்டுகொண்டே போகும் பாடுகளில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

கேள்வி: குலசேகரம் பகுதியிலிருந்து ஒரு சகோதரி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். என் கணவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. தோட்டத்தில் மரக்கிளை முறிந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அவரால் எழுந்து நடக்க இயலவில்லை. அவர் வெட்டிய மரங்களை இப்போது நான் வெட்டுகிறேன். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், வெட்டி முடித்து, சிரட்டைகளில் ஊறிய பாலை எடுத்து, உறையவைத்து ரப்பர் ஷீட்டாக அடித்துவிட்டு வந்துதான் அவரைக் குளிப்பாட்டி உணவு கொடுக்க முடிகிறது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தின் மேலெல்லாம் வழிந்துவிடும் என்பதால் மழை நாளில் வேலை கிடையாது; நம் குமரி மாவட்டத்திலோ இரண்டு பருவமழையும் பெய்கிறது.

பணக் கஷ்டத்தையாவது எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம். ஆனால் வீட்டுக்கு ஜெபிக்க வந்த சிலர், அறிக்கையிடாத பாவம் ஏதோ இந்தக் குடும்பத்தில் இருக்கிறது என்றும், விசுவாசம் முழுமையாக இருந்திருந்தால் இதற்குள் சுகம் கிடைத்திருக்கும் என்றும் அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று முதல் அவர் யாரையும் ஜெபிக்க அழைக்க வேண்டாம் என்கிறார். எனக்கும் ஆலயத்தில் பாட்டு வாயில் வருவதில்லை. முழங்காலில் நின்றால் அழுகைதான் வருகிறது. விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்றால் அழாமல் இருப்பதா? நான் உண்மையாகவே கர்த்தரைப் பற்றிக்கொண்டிருக்கிறேனா, அல்லது பழக்கத்தினால் மட்டும் ஆலயத்துக்குப் போய் வருகிறேனா? பெரியவர்கள் யாராவது விளக்கினால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

பதில்: நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம். உங்கள் வீட்டில் பேசப்பட்ட அந்த வார்த்தைகளுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டபோது, அவன் செய்த பாவமும் அல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று ஆண்டவர் பதில் சொன்னார். பவுல் அப்போஸ்தலர் தம் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். எத்தனையோ பேருக்குச் சுகம் கிடைக்கக் காரணமாயிருந்த ஒருவர், தம் நண்பனை நோயோடு விட்டுவர வேண்டியிருந்தது. அதற்காக அவர் துரோப்பீமுவின் விசுவாசத்தைக் குறைகூறி ஒரு சொல்லும் எழுதவில்லை. தம் சரீரத்தில் ஒரு முள் என்று அவரே சொன்ன பாடு நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. கிடைத்தது, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான்.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சரித்திரத்தை முதல் இரண்டு அதிகாரங்களோடும் கடைசி அதிகாரத்தோடும் நிறுத்திக்கொள்வது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொன்ன அதே மனிதர், நடுவிலுள்ள அதிகாரங்களில் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். தம்மை ஏன் இலக்காக வைத்தீர் என்று தேவனோடு வாதாடுகிறார். அவருடைய நண்பர்களோ தேவனுக்காகப் பரிந்து பேசுவதாக எண்ணிக்கொண்டு, உன் பாவத்தை ஒத்துக்கொள் என்று அவரை நெருக்குகிறார்கள். முடிவில் கர்த்தருடைய கோபம் யார்மேல் மூண்டது? தம்மைக்குறித்துச் சரியானதைப் பேசாத அந்த நண்பர்கள்மேல்தான். புலம்பியவருக்கோ, "என் தாசனாகிய யோபு" என்ற சாட்சி கிடைத்தது.

எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியிலாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பவே இல்லை, இருளிலேயே முடிகிறது. இருந்தும் அதன் முதல் வரியில் அதைப் பாடியவர் தேவனை 'என் இரட்சிப்பின் தேவன்' என்றே அழைக்கிறார். அழுகிறவர் யாரிடம் அழுகிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். முழங்காலில் நின்று அழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஜெபம் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

பதில்: நட்டாலம் அருகிலிருந்து ஒரு கத்தோலிக்கச் சகோதரர்

நான் வேறு திருச்சபையைச் சேர்ந்தவன் என்றாலும், எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்த புனித தேவசகாயம் பிள்ளையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார்; 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார்; 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது மாவட்டமே கொண்டாடியது. விழாக்களில் நாம் அந்த மலையையும் துப்பாக்கிச் சூட்டையுமே அதிகம் நினைக்கிறோம். எனக்கு மனத்தில் பதிந்திருப்பது கைதுக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். எருமையின்மேல் பின்புறமாக அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்த காயங்களில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள், பெருவிளையில் மரத்தில் கட்டி வைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்று முடியுமா நாளை முடியுமா என்று தெரியாமல், கிறிஸ்துவை மறுதலிக்க மாட்டேன் என்ற அதே பதிலை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்த காலம் அது.

அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளும் திருமுழுக்குப் பெற்றவர். கணவர் சங்கிலியில் கிடந்த அந்த ஆண்டுகளை அந்த அம்மாள் எப்படிக் கழித்தார் என்று நம் மறையுரைகளில் யாரும் விரித்துப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஒருவர் பாடுபடும்போது பக்கத்தில் நின்று பாடுபடுகிறவரின் விசுவாசமும் விசுவாசம்தான், சகோதரி. பாட்டு வராத நாளிலும் நீங்கள் ஆலயத்தில் போய் நிற்கிறீர்கள் அல்லவா, அதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி கேட்ட சகோதரி

இருவருக்கும் மிக்க நன்றி. அந்தச் சங்கீதத்தை நேற்று இரவு அவருக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும், மறுபடியும் வாசி என்றார். நெடுநாளைக்குப் பிறகு அவராகக் கேட்ட வேத வாசிப்பு அது. ஆனால் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். சபையில் சிலர் உதவ வருகிறார்கள்; வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. கர்த்தரை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு மனிதரிடம் கை நீட்டுவது சரியாகுமா?

பதில்: தூத்தூர்ப் பகுதி மீனவக் குடும்பத்திலிருந்து

வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா, தயவுசெய்து மறுக்காதீர்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் என் அண்ணன் ஆழ்கடலில் இருந்தார். அவர் உடலும் கரைக்கு வரவில்லை. அடக்கம் செய்ய உடல் இல்லாத வீட்டில் துக்கம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்றே தெரியாது. எங்கள் அம்மா பல மாதங்கள் செபமாலையைக் கையில் எடுக்கவில்லை. எங்கள் அன்பியத்துப் (பங்கில் பக்கத்து வீட்டார் சேர்ந்து செபிக்கும் சிறு குழு) பெண்கள் மாலையில் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து அவர்களே செபமாலை சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்று ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை. கொண்டுவந்த கஞ்சியையும் மீன் குழம்பையும் அடுக்களையில் வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து போவார்கள். அம்மா விட்டுவிட்ட செபத்தை அவர்கள் அந்த வீட்டில் அணையாமல் வைத்திருந்தார்கள் என்றே இன்றுவரை நான் நம்புகிறேன்.

சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்த இறைவாக்கினர் எலியாவுக்குக் கடவுள் முதலில் அனுப்பியது அறிவுரையை அல்ல. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். இன்று அந்த அடை உங்கள் சபையார் கையில் வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி எழுதியதற்குமேல் நான் சேர்க்க அதிகமில்லை. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்ற கட்டளை உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் சபைக்கும் கொடுக்கப்பட்டது. நீங்கள் மறுத்தால் அவர்களால் அதற்குக் கீழ்ப்படிய முடியாமல் போகும். யார் வந்து ஜெபிக்கலாம், எப்படிப் பேச வேண்டும் என்பதை உங்கள் போதகரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். காயப்படுத்தியவர்களிடம் அவர் பேசட்டும், அந்தச் சுமையையும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொறுமையாய்ச் சகிப்பது என்றால் கிடைக்கக்கூடிய உதவியைத் தேடாமல் இருப்பது அல்ல. உங்கள் கணவருக்கு மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் மருத்துவச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் ஆகியவற்றோடு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, பராமரிப்பு உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலிக்கும் சேர்த்தே கேளுங்கள். பால் வெட்டை விட்டுவிட்டு நீங்கள் அலைய வேண்டியதில்லை. சபை வாலிபர்களில் ஒருவரைப் போதகர் அனுப்பலாம். படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது பற்றியும், வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வார்களா என்பது பற்றியும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். விண்ணப்பம் எழுத வேண்டுமானால் விவரங்களை எனக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.