இடைக்காலத் தேவாலயங்கள் உள்ளே புதிதாகத் தெரிவது ஏன்?

கேள்வி:
இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களைப் படங்களில் பார்த்து வருகிறேன். கட்டடம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ஆனால் உள்ளே பளபளக்கும் வண்ணத் தரை ஓடுகளும், ஒரே அளவான மர இருக்கைகளும், பூச்சில்லாத கற்சுவர்களும் காணப்படுகின்றன. இவையும் அதே காலத்தவைதானா?

பதில் 1:
பெரும்பாலும் இல்லை, விக்டோரியா காலத்துச் சீரமைப்பின் விளைவுகள் அவை. 1839இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தொடங்கிய கேம்டன் சங்கம், 1300ஆம் ஆண்டை ஒட்டித் தழைத்த, கூர்முனை வளைவுகள் கொண்ட கோத்திக் கட்டடப் பாணியே தேவாலயத்துக்கு உரியது என்று வலியுறுத்தியது. பிரசங்க மேடையை மையமாக்கி, கதவு வைத்த அடைப்பு இருக்கைகளும் மக்கள் அமரும் மேல்மாடங்களும் அமைத்திருந்த முந்தைய நூற்றாண்டின் ஏற்பாட்டை அச்சங்கம் வெறுத்தது. பலிபீடம் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காக அவை அகற்றப்பட்டு, கிழக்கு நோக்கிய திறந்த இருக்கைகள் வந்தன.

ஓடுகளை அருகில் சென்று பாருங்கள். அச்சில் பதித்த பள்ளத்தில் வேறு நிறக் களிமண்ணை நிரப்பிச் சுடும் பழைய முறையை ஹெர்பர்ட் மின்டன் ஸ்டோக் நகரில் பெருமளவில் மீட்டெடுத்தார். அவருடைய ஓடுகளின் விளிம்புகள் நேராகவும் கோலங்கள் துல்லியமாகவும் இருக்கும். இடைக்கால ஓடுகளோ அளவில் சற்றே பிசகி, கோலம் கலங்கித் தெரியும்.

என்னை மிகவும் வருத்துவது சுவர்கள்தாம். ஒழுங்கற்ற கற்களால் எழுப்பிய சுவர்களுக்கு இடைக்காலத்தார் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் ஓவியமும் தீட்டினர். கல் வெளியே தெரிவதே நேர்மை என்று நம்பியவர்கள் பூச்சைச் சுரண்டியபோது ஓவியங்களும் சேர்ந்து போயின.

பதில் 2:
நண்பர் சொல்வது சரியே. ஆயினும் அக்காலத்தைச் சீரமைப்பைக் கொண்டு மட்டும் எடைபோடுவது நியாயமன்று. லண்டன் மார்கரெட் தெருவில் வில்லியம் பட்டர்ஃபீல்டு எழுப்பிய அனைத்துப் புனிதர் தேவாலயத்தைப் பாருங்கள்: 1850இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1859இல் அர்ச்சிக்கப்பட்டது. நெருக்கடியான சிறு மனையில், சிவப்புச் செங்கல்லின் ஊடே கருஞ்செங்கல் பட்டைகள் ஓடுகின்றன. அந்த நிறம் மேலே பூசியதன்று, சுவரோடு பிறந்தது. இதை இடைக்காலத்தின் நகல் என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடியாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சுவர்களைச் சுரண்டியதை அக்காலத்தில் யாரும் எதிர்க்கவில்லையா?

பதில் 1:
எதிர்த்தார்கள், தாமதமாக. டியூக்ஸ்பரி மடாலயத் தேவாலயத்தைச் சீரமைக்க கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் வகுத்த திட்டத்தைக் கண்டு கொதித்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ், 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பழுதை மட்டும் பாருங்கள், பழமையைத் திருத்தாதீர்கள் என்பதே அதன் நிலைப்பாடு.