மைக்ரோஃபிட் சோலார் உள்ள வீடு வாங்கலாமோ? 80.2 சதம் உண்மையோ?

நிலவன் (மார்க்கம்):

எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில, மார்க்கம், ஸ்டீல்ஸ் வீதிப் பக்கம் ஒரு வீடு பாத்திருக்கிறம். 1996 இல கட்டினது. நாலு அறை, பேஸ்மென்டுக்குத் தனி வாசல். மனிசிக்குக் குசினி பிடிச்சுப் போச்சு, அதுக்குப் பிறகு எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. ஆனா கூரையைப் பாத்தாத்தான் யோசனையாக் கிடக்கு. தெற்குப் பக்கம் முழுக்க சோலார் பனல். கராஜ் சுவரில ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா ரெண்டு மீற்றர்.

ஏஜென்ட் சொல்லுறார், இது மைக்ரோஃபிட் (வீட்டுக் கூரைச் சோலார் கரண்டை ஒன்ராறியோ மாகாணம் உறுதி விலைக்கு வேண்டுற திட்டம்), 2011 ஓகஸ்டில தொடங்கின ஒப்பந்தம், 2031 மட்டும் யூனிட்டுக்கு 80.2 சதம், வருசம் ஏழாயிரம் டொலர் சும்மா வரும் எண்டு. அதைக் காட்டித்தான் பக்கத்து வீடு போன விலையை விட 50,000 கூடக் கேக்கினம்.

நான் ஹைட்ரோவுக்கு, அதுதான் கரண்டுக்கு, கட்டுறது யூனிட்டுக்குப் பத்துச் சதம் அளவில. எனக்குப் பத்துக்கு விக்கிறவன் கூரைக்காரனிட்ட எண்பதுக்கு ஏன் வேண்டுறான்? அரசாங்கம் மாறினா இந்தக் காசு நிண்டு போகாதோ? 2018 இல டக் ஃபோர்ட் மாகாண முதல்வரா வந்து எல்லாத்தையும் வெட்டினதா ஒரு நண்பர் சொன்னார். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமைக்கு முன்னம் ஓஃபர் போட வேணும்.

கூரை மாமா (ஸ்காபரோ):

தம்பி, நான் 2011 மார்ச்சில போட்ட ஆள். என்ர கூரையிலயும் அதே 80.2 தான். தெரிஞ்சதைச் சொல்லுறன், கொஞ்சம் நீளும்.

முதல்ல அந்த ரெண்டு மீற்றர் கதை. ஒண்டு நீங்கள் எரிக்கிறதை எண்ணும், மற்றது கூரை உண்டாக்கிறதை எண்ணும். மைக்ரோஃபிட்டில கூரைக் கரண்ட் உங்கட வீட்டுக்குள்ள வராது, நேர கம்பிக்குப் போகும். நீங்கள் எரிக்கிறதுக்கு எல்லாரையும் போலக் காசு கட்டுவீங்கள், கூரைக்கு வேறயாக் காசு வரும். அதிலயும் அந்த மீற்றருக்கு எண்டு மாதம் அஞ்சு டொலர் அளவில கழிப்பினம்.

இது வீட்டுக்காரருக்கு எப்பிடி விளங்காமக் கிடந்தது எண்டதுக்கு ஒரு கதை. 2013 கிறிஸ்மஸுக்கு முன்னம் ஐஸ் மழை பெய்தது ஞாபகம் இருக்கோ? ரொறன்ரோவில மூண்டு லட்சம் இணைப்புக்குக் கரண்ட் இல்லை. எங்கட தெரு நாலு நாள் இருட்டு. ரெண்டாம் நாள் பின்னேரம் முன்வீட்டுப் பிள்ளை கைக்குழந்தையோட வந்து கதவைத் தட்டுது, "அங்கிள், உங்கட கூரையிலதானே கரண்ட் இருக்கு, ஒரு வயர் தாங்கோவன், பால் சுட வைக்க" எண்டு. அவவுக்கு நான் என்னத்தைச் சொல்ல? தெருக் கம்பியில கரண்ட் இல்லாட்டி இன்வேட்டர், பனல் கரண்டைத் தெருக் கரண்டா மாத்திற பெட்டி, தானா நிண்டிடும், இல்லாட்டிக் கம்பி திருத்திறவனுக்குச் சாவு. பனலுக்கு மேல அரை அங்குல ஐஸ் வேற. 68,000 டொலர் கூரையில கிடக்க, நான் மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். காஸ் அடுப்பு இருந்தபடியா பாலைச் சுட வைச்சுக் குடுத்தம்.

ஓம், 68,000. ஒன்பது கிலோவாட்டுக்கு. இண்டைக்குக் கேட்டாச் சிரிப்பீங்கள், அப்ப விலை அப்பிடி. அதாலதான் 80.2. 2009 இல பச்சை ஆற்றல் சட்டம் கொண்டுவந்து, பத்துக் கிலோவாட்டுக்குள்ள ஆர் கூரையில போட்டாலும் இருபது வருசத்துக்கு ஒரே விலை எண்டு எழுதித் தந்தவை. ஜேர்மனி 2000 இல செய்ததைப் பாத்துத்தான். விலையை வைச்சது கரண்டின்ர சந்தைப் பெறுமதியைப் பாத்தில்லை தம்பி, போட்ட காசு திரும்பி வந்து கையில கொஞ்சம் மிஞ்ச வேணும் எண்டு கணக்குப் பாத்து. பாங்கில கடன் எடுக்கப் போகேக்கை நான் காட்டினது அந்த ஒப்பந்தத்தைத்தான். தொழிற்சாலையில மெசின் ஓட்டினவனுக்கு வேற என்ன இருந்தது காட்ட?

என்ர கணக்கு: முதல் வருசங்களில 10,000 யூனிட் அளவில, கிட்டத்தட்ட 8,000 டொலர். ஜூலையில 1,300 யூனிட் வந்தா டிசெம்பரில 280. ஜனவரியில சினோ (பனி) மூடினாச் சுழியம், ஏறித் தட்டப் போகாதேங்கோ. போன வருசம் 9,300. பனல் வருசா வருசம் கொஞ்சம் களைக்கும். விலையும் ஏறாது. காத்தாலைக்காரருக்கு விலைவாசியோட கொஞ்சம் ஏற்றம் வைச்சவை, சோலாருக்கு இல்லை. 2011 இல 80.2, 2031 இலயும் 80.2.

இப்ப உங்கட 50,000. 2025 இல இருந்து எண்ணினா மிச்சம் ஆறு வருசம். ஏழாயிரம்படி 42,000. அது வருமானம், வரி கட்ட வேணும். இன்வேட்டர் 2011 இல போட்டதெண்டா ஆயுள் முடியிற வயசு, இல்லாட்டி மாத்தின பில்லைக் கேளுங்கோ. அதைவிட ஷிங்கிள், கூரையில ஓடு மாதிரி அடிக்கிற தகடு. பனல் போட முன்னம் மாத்தின ஷிங்கிள் எண்டா இப்ப மாத்திற நேரம். நான் போன வருசம் மாத்தினன். பனலைக் கழட்டித் திரும்பப் பூட்ட மட்டும் 3,800, ஷிங்கிள் காசு வேற. எனக்குப் பூட்டின கொம்பனி எப்பவோ இழுத்து மூடியாச்சு, வேற ஆளைப் பிடிச்சன். ஆக 42,000 பெறாத ஒண்டை 50,000 க்கு விக்கினம்.

ஒப்பந்தம் வீட்டு விலாசத்துக்கு. விக்கிறவர் தன்ர பேரிலயிருந்து உங்கட பேருக்கு மாத்த மாகாண மின்சார நிர்வாகத்திட்ட (IESO) விண்ணப்பிக்க வேணும். குளோசிங் பேப்பரிலயே அதை ஒரு நிபந்தனையாப் போடச் சொல்லி லோயரிட்டச் சொல்லுங்கோ.

கடைசியா, முக்கியமானது: பனல் அவையின்ர சொந்தமோ? அந்த நேரம் கனபேர் கையில காசில்லாமல் கூரையைக் கொம்பனிக்குக் குத்தகைக்குக் குடுத்தவை. வீட்டுப் பத்திரத்தில பதிவு கிடக்கும். லோயரைப் பாக்கச் சொல்லுங்கோ, ஏஜென்டின்ர வாயை நம்பாதேங்கோ.

பேஸ்மென்ட்காரி:

எல்லாம் சரி மாமா, ஆனா உந்த 80 சதத்தை ஆர் கட்டினது எண்டும் சொல்லுங்கோவன். கூரை இருக்கிறவைக்கு வருசம் எட்டாயிரம். கூரையே இல்லாமல் நிலத்துக்குக் கீழ வாடகைக்கு இருக்கிற எங்களுக்கு ஹைட்ரோ பில். 2016 குளிருக்கு, கரண்டில ஓடுற பேஸ்போர்ட் ஹீட்டரோட, எனக்கு ரெண்டு மாசத்துக்கு 400 டொலருக்கு மேல வந்தது. பிள்ளையின்ர அறையில மட்டும் ஹீட்டரைப் போட்டிட்டு நான் ஜக்கெட்டோட படுத்தனான். ஏழையிட்ட எடுத்து வீட்டுக்காரனுக்குக் குடுக்கிறதுக்குப் பேர் பச்சை ஆற்றலாம்.

வரவுசெலவு:

நிலவன், 2018 பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த ஜூலையில் இரத்துச் செய்யப்பட்டவை 758 ஒப்பந்தங்கள். எல்லாம் இன்னும் கட்டி முடிக்கப்படாதவை. பச்சை ஆற்றல் சட்டத்தையும் நீக்கினார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருந்த மைக்ரோஃபிட் ஒப்பந்தங்களில் கை வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டது போட்டதுதான்.

சகோதரி சொல்வதிலும் நியாயம் உண்டு. சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் இடையிலான வித்தியாசம் "குளோபல் அட்ஜஸ்ட்மென்ட்" என்ற பெயரில் எல்லோருடைய பில்லிலும் ஏறியது. இந்த உறுதி விலைத் திட்டத்தால், முந்தைய முறையில் வாங்கியிருந்தால் ஆகக்கூடிய செலவைவிட இருபது ஆண்டில் 9.2 பில்லியன் டொலர் கூடக் கட்டவேண்டி வரும் என்று ஒன்ராறியோவின் கணக்காய்வாளர் 2015 இல் எழுதினார். ஆனால் அதை முழுக்கக் கூரைக்காரர் தலையில் போடாதீர்கள். அந்த அட்ஜஸ்ட்மென்டுக்குள் அணு உலைகளும் எரிவாயு நிலையங்களும் இருக்கின்றன. 2021 முதல் காற்று, சோலார் ஒப்பந்தச் செலவின் பெரும்பகுதியை மாகாணம் வரிப்பணத்திலிருந்து கட்டுகிறது. அதாவது பில்லில் தெரியாது, ஆனால் கட்டுவது நாங்கள்தான்.

கூரை மாமா:

பேஸ்மென்ட்காரி பிள்ளை, நீர் சொன்னதுக்கு நான் கோவிக்கேல்லை. என்ர பேஸ்மென்டிலயும் ஒரு குடும்பம் இருந்தது. அவையின்ர பில்லும் என்ர செக்கும் ஒரே தபாலில ஒரே பெட்டிக்கை வந்து விழும். அதைக் கையில எடுத்துக் குடுக்கிறவனுக்கு உள்ளுக்கை ஒரு மாதிரித்தான் இருக்கும். பிறகு வாடகையில ஹைட்ரோவையும் சேத்துப் போட்டன். பெரிய தருமம் எண்டு சொல்ல வரேல்லை.

ஆனா திட்டமே பிழை எண்டு சொல்லாதேங்கோ. 80.2 தொடங்கின விலை சரி. அந்த விலையிலயே நிண்டதுதான் பிழை. ஜேர்மன்காரன் வருசா வருசம் புதுசா வாறவைக்கு விலையைக் குறைச்சுக்கொண்டு போனவன், அது சட்டத்திலயே எழுதிக் கிடந்தது. இஞ்ச பனல் விலை கிணத்துக்கை விழுந்த கல்லு மாதிரி விழுகுது, இவை 80.2 ஐப் பிடிச்சுக்கொண்டு இருந்தவை. 2010 ஜூலையில நிலத்தில போடுறதுக்கு மட்டும் 58.8 எண்டு திடீரெண்டு அறிவிச்சு, கமக்காரர் துள்ளிக் குதிக்க 64.2 ஆக்கினவை. கூரைக்கு 2012 இலதான் 54.9. அடுத்த வருசம் 39.6. 2017 முடிய புது ஒப்பந்தமே இல்லை. எனக்குப் பிறகு ஒரு வருசம் கழிச்சுப் போட்ட என்ர மச்சான் என்னை விட எவ்வளவோ மலிவாப் பூட்டியும் அதே 80.2 எடுத்தவர். பில்லை ஏத்தினது அந்த இடைவெளிதான்.

மற்றது, உள்ளூர்ச் சாமான் விதி. 2011 இல போட்டவை அறுபது வீதம் ஒன்ராறியோவில செய்ததாக் காட்ட வேணும். பூட்டின பெடியன் ஒவ்வொரு பனலிலயும் ஒட்டியிருந்த சீட்டைப் படம் எடுத்துப் பைலில போட்டான். வேலை வரும் எண்டு சொன்னவை, வந்ததுதான். ஆனா ஜப்பானும் ஐரோப்பாவும் உலக வர்த்தக அமைப்பில வழக்குப் போட்டு 2013 மேயில வெண்டிட்டினம். ஒன்ராறியோ அந்த விதியைக் கைவிட வேண்டி வந்தது.

நிலக்கரியையும் மறக்காதேங்கோ. 2003 அளவில மாகாணத்துக் கரண்டில கால்வாசி நிலக்கரி. 2014 ஏப்ரலில தண்டர் பேயில கடைசி நிலையமும் நிண்டது. அதில பெரும் பங்கு அணு உலைக்கும் எரிவாயுவுக்கும்தான், என்ர ஒன்பது கிலோவாட்டுக்கு இல்லை. எண்டாலும் கோடையில ஸ்காபரோவுக்கு மேல நிக்கிற மஞ்சள் புகை இப்ப இல்லை.

யாழ்ப்பாணத்தான்:

வாசிச்சுக்கொண்டு வந்தன், எங்கட கதையும் சொல்ல வேணும் போல கிடந்தது. இஞ்ச இலங்கையில 2016 இல சூரிய பல சங்கிராமய எண்டு அரசாங்கம் கூரைச் சோலார் திட்டம் ஒண்டு தொடங்கினது. நான் 2017 இல கோப்பாயில போட்டன். முதல் ஏழு வருசம் யூனிட்டுக்கு 22 ரூபா, பிறகு இருபதாம் வருசம் மட்டும் 15.50. போடேக்கை டொலர் 150 ரூபா அளவில. 2022 இல டொலர் 360. இன்வேட்டர் வெளிநாட்டுச் சாமான், அது டொலரோட ஏறிச்சுது, என்ர 22 அப்பிடியே நிண்டது. மாமாவுக்கு விலை ஏறேல்லை எண்டாலும் காசு காசா நிண்டது. எங்களுக்குக் காசே உருகிப் போச்சு.

2025 சித்திரை வருசப்பிறப்புக்கு இன்னொரு புதினம். லீவில கரண்ட் எரிக்கிற ஆள் இல்லை, பகலில கூரை சோலாரை நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபை கேட்டது. நல்ல வெயில். பொங்கல் பானையை இறக்கிப் போட்டு மனிசி சொல்ல ஏணி வைச்சு ஏறி சுவிச்சை நிப்பாட்டினன்.

நிலவன் (மார்க்கம்):

எல்லாருக்கும் நன்றி. லோயர் இண்டைக்குப் பின்னேரம் போன் எடுத்தவ. மாமா சொன்னதுதான். பத்திரத்தில குத்தகை பதிஞ்சு கிடக்கு. ஒப்பந்தம் கொம்பனியின்ர பேரில. 80.2 முழுக்க அவைக்கு. வீட்டுக்காரருக்கு வாறது மாசம் 80 டொலர், அவ்வளவுதான். ஏஜென்டைக் கேட்டா, "ஓ, அப்பிடியா" எண்டார்.

கூரை மாமா:

ஊரான் வீட்டு நெய்யே எண்ட கதைதான். 50,000 ஐ வெட்டுங்கோ. குத்தகைப் பேப்பரில ஷிங்கிள் மாத்தேக்கை ஆர் கழட்டிறது, ஆர் காசு கட்டுறது எண்ட வரியைத் தேடிப் பிடியுங்கோ. 2031 முடிய பனலை அவையே கழட்டிக் கூரையை அடைச்சுத் தருவினமோ, இல்லாட்டி உங்களிட்ட விட்டிட்டுப் போவினமோ எண்டதையும். விட்டிட்டுப் போனால் நல்லது, நெட் மீற்றரிங்குக்கு (மிஞ்சிற கரண்டைக் கம்பிக்குக் குடுத்துப் பில்லில கழிக்கிற முறை) விண்ணப்பிச்சு உங்கட வீட்டுக்கே எரிக்கலாம்.

நிலவன் (மார்க்கம்):

தேடினன். பதினோராம் பக்கம். கழட்டிப் பூட்டுற செலவு வீட்டுக்காரருக்கு. கழட்டி வைச்சிருக்கிற நாளுக்குக் கொம்பனிக்குப் போற வருமானத்தையும் நாங்கள்தான் கட்ட வேணுமாம்.

கூரை மாமா:

அப்ப நவம்பரில மாத்துங்கோ, சினோவுக்கு முன்னம். ஒரு கிழமை கழட்டி வைச்சாலும் அந்த மாசத்தில பெரிசா ஒண்டும் வராது. ஜூலையில கழட்டினீங்களெண்டா ஒரு கிழமைக்கு இருநூறு டொலருக்கு மேல குடுக்க வேண்டி வரும். ஓஃபரில அந்தச் செலவையும் கழிச்சுப் போடுங்கோ. மனிசிக்குக் குசினி இன்னும் பிடிச்சுத்தான் கிடக்கோ?

நிலவன் (மார்க்கம்):

அவ யன்னல் சீலைக்கு அளவெடுத்தாச்சு மாமா.