காலனிப் பூங்காவைப் புதுப்பிக்கிறார்கள்: எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி:
வேளச்சேரியில் எங்கள் காலனிப் பூங்காவைச் சீரமைக்கப் போகிறார்கள். வரைபடத்தில் நடைபாதை முழுக்க வழவழ டைல்ஸ், நடுவில் நீரூற்று. வாசலில் இருக்கும் மூன்று படி மட்டும் அப்படியே இருக்கிறது. பைக் நுழையாமல் இருக்க நட்ட இரும்புக் குழாய்களுக்கு நடுவே அம்மாவின் சக்கர நாற்காலி போகாது. மழை பெய்தால் ஊஞ்சலுக்கடியில் கணுக்கால் அளவு தண்ணீர். அடுத்த வாரம் கூட்டம். எதை முதலில் கேட்கலாம்?

பதில் 1:
சாய்தளத்தைக் கேளுங்கள் சார். சரிவு 1-க்கு 12, அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். மூன்று படி 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வரும். சின்னதாகக் கட்டிவிட்டு 'போட்டாச்சு' என்பார்கள், விடாதீர்கள். குழாய்களுக்கு நடுவே குறைந்தது 90 செ.மீ. வேண்டும். டைல்ஸ் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

பதில் 2:
நீரூற்றுக்குப் பதில் ஒரு சிறு குளம் வெட்டச் சொல்லுங்கள். சென்னையில் இப்படி மழைநீரை உறிஞ்சித் தேக்கும் 'ஸ்பாஞ்ச் பூங்கா'க்கள் வந்திருக்கின்றன. ஊஞ்சலை மேட்டுக்கு மாற்றிவிட்டு அந்தப் பள்ளத்தையே குளமாக்கலாம். நிரம்பினால் வடிய வழியும், சுற்றிலும் கம்பியும் அவசியம். 2016 வர்தா புயலில் குல்மோகர் மரங்கள் எத்தனை சாய்ந்தன! அவற்றுக்குப் பதில் புங்கை, பூவரசு வையுங்கள். அடிமரம் வரை சிமெண்ட் பூச விடாதீர்கள்.

பதில் 3:
விளக்கையும் சேருங்கள் அண்ணா. ஆறரைக்கு மேல் இருட்டு என்பதாலேயே எங்கள் பக்கத்துப் பூங்காவுக்குப் பெண்கள் போவதில்லை.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நாளைக்கே டேப் வைத்து வாசலை அளந்துவிடுகிறேன். அப்புறம், குளத்துக்குக் கொசு வரும் என்று கட்டாயம் எதிர்ப்பார்கள். கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விட்டால் போதுமா?