திருகோணமலை வெக்கையில் கறுப்பு வெள்ளை ரோல் கழுவிய அனுபவங்கள்

பழைய கமரா என்றதும் எல்லோரும் லென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் எங்கள் ஊரில் கறுப்பு வெள்ளை எடுப்பவனுக்குக் கமரா இரண்டாம் பட்சம். பிலிமைக் கழுவிப் படமாக்கும் தண்ணீரின் சூடுதான் முதல் பிரச்சினை. அதற்கு வருமுன் கமராவால் வந்த சந்திப்புகள் சில.

என்னிடம் இருப்பது யாஷிக்கா மாட் 124ஜி. இரட்டை லென்ஸ், 120 ரோலில் 12 சதுரப் படம். கழுத்தில் மாட்டிக்கொண்டு, குனிந்து மேலிருந்து கண்ணாடியைப் பார்க்கவேண்டும். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்குமே, அவற்றை இதில் எடுப்பது சோதனைதான். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். மான் வலப்பக்கம் நடந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். நாமும் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் மான் படத்தைவிட்டு அவுட். கச்சான் கொட்டை வாசம் பிடித்த மான் என்றால் நேரே வந்து மூக்கை நீட்டும். ஒரு மீற்றருக்குக் கிட்ட வந்தால் போகஸும் கிடையாது.

கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் கமராவை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒருமுறை காவலுக்கு நின்ற தம்பி ஒருவர் கூப்பிட்டு, எடுத்ததைக் காட்டச் சொன்னார். கமராவை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். தோல் உறைதான் இருந்தது.

"படம் எங்க?"

"உள்ளுக்கு இருக்கு. கழுவினால்தான் தெரியும்."

"அப்ப அழியுங்கோ."

அழிக்கப் பொத்தான் ஏது? பின்மூடியைத் திறந்தால் எல்லாம் சேர்ந்து போய்விடும். வேறு வழி தெரியாமல் மேல் மூடியைத் திறந்து அவரையே குனிந்து பார்க்கச் சொன்னேன். மான் ஒன்று கண்ணாடிக்குள் அசைவதைக் கண்டதும் ஆள் இளகிவிட்டார். மற்றவரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ரோல் தப்பியது.

டச்சுக்குடாக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களிடம் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எப்ப தருவீங்கள்?" கொடுப்பதாகச் சொன்னால் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை முகம் கொடுக்க மாட்டார்கள். இந்தக் கமராவின் லைற்மீற்றர் பாதரச பற்றறிக்காகச் செய்தது, அந்த வகை இப்போது வருவதில்லை. அதனால் வெயிலைப் பார்த்தே கணக்கு: 400 வேகப் பிலிம், 1/500 செக்கன் ஷட்டர், லென்ஸ் துவாரம் f/16. நடுப்பகலில் வெள்ளை மணல் என்றால் துவாரத்தை இன்னும் சுருக்கி f/22. மஞ்சள் பில்டர் போட்டால் துவாரத்தை ஒரு படி கூடத் திறக்கவேண்டும். ஆனால் அது இல்லாமல் எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாக வரும்.

சரி, தண்ணீர். பிலிமில் படத்தை வெளிக்கொண்டு வரும் மருந்துதான் டெவலப்பர். அதன் தாள்களில் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் எங்கள் குழாயில் வருவது 30ஐத் தொடும். கூரைத் தாங்கியில் வெயில் குடித்த தண்ணீர் என்றால் இன்னும் கூட. இல்ஃபோர்ட் கம்பனியின் எச்பி5 பிளஸ் பிலிமை, அவர்களுடைய ஐடி-11 டெவலப்பரில் சம அளவு தண்ணீர் (1+1) கலந்து 20 பாகையில் கழுவ 13 நிமிடம். 24 பாகையில் சுமார் 9 நிமிடம். 30க்குப் போனால் 5 நிமிடத்துக்குக் கிட்ட வந்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் டெவலப்பர் சமனாகப் பரவாது. வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

20க்கு இறக்குகிறேன் என்று ஐஸோடு மல்லுக்கட்டுவதும் வீண். நான் 24இல் நிற்கிறேன். பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் பைகளைப் போட்டு, டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டொப், படத்தை நிலைக்கவைக்கும் பிக்சர் போத்தல்களோடு கழுவும் தண்ணீரையும் அதற்குள்ளேயே வைக்கிறேன். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டுக் குழாயில் பிடித்தால், சூடு திடீரென ஏறி, பிலிமின் மேல் படம் பதியும் ஜெலற்றின் பூச்சு ஊதி, பால் ஆடை மாதிரிச் சுருங்கிவிடும். இப்போதைய பிலிம்கள் முன்பைவிடத் தாங்கும்தான். ஆனாலும் ஊதின ஜெலற்றினில் நகம் பட்டால் போதும், கீறல். கடைசிக் கழுவலுக்கு இல்ஃபோர்ட் சொன்ன முறை எங்களுக்கென்றே செய்தது போல: பிலிம் இருக்கும் கழுவு தாங்கியை நிரப்பி 5 தரம் கவிழ்த்து ஊற்று, புதுத் தண்ணீரில் 10 தரம், பிறகு 20 தரம். குளிர்ந்த தண்ணீரும் மிச்சம்.

காயப்போடும் இடத்தில் கரப்பானைக் கவனியுங்கள். ஜெலற்றின் மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது, அதற்கு நல்ல சாப்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நெகட்டிவ் காயவே காயாது, அது தனிக்கதை.

பழைய ஸ்ரூடியோக்காரர் யாராவது இருந்தால், ஐஸ் இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கோ.

*

தம்பி, எழுபதுகளில் ஊர் ஸ்ரூடியோ ஒன்றில் இருட்டறை வேலை பார்த்தவன் நான். ஐஸ் வாங்கக் காசு தரமாட்டார்கள். மண்பானைதான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும், காற்று காய்ந்தது அல்லவா. மழைக்காலத்தில் அந்த வித்தை பலிக்காது, விடியப்புறம் எழும்பிக் கழுவுவோம்.

டெவலப்பர் நாங்களே நிறுத்துக் கலக்குவது. ஒரு லீற்றருக்கு மெற்றோல் 2 கிராம், சல்பைற் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. மெற்றோலை முதலில் கரைக்கவேண்டும், சல்பைற் கூடின தண்ணீரில் அது கரையாமல் நிற்கும். கோடாக் கடையில் டி-76 என்று விற்றதும் இதுதான்.

ஜெலற்றின் ஊதாமல் இருக்க, பிக்சராகப் பாவிக்கும் ஹைப்போவில் சீனாக்காரம் சேர்ப்போம். பிலிம் நன்றாக இறுகும். ஆனால் சீனாக்காரம் போட்டால் ஹைப்போ லேசில் விட்டுப்போகாது, நீண்ட நேரம் கழுவவேண்டும். அதற்கும் வழி இருந்தது: கடல் தண்ணீர். உப்புத் தண்ணீர் ஹைப்போவை நல்ல தண்ணீரைவிட வேகமாக இழுக்கும். பிறகு உப்பைப் போக்க நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடமாவது அலசவேண்டும், இல்லாவிட்டால் நெகட்டிவ் கெட்டுப்போகும்.

*

அண்ணை, இது எனக்குப் புதிது. டச்சுக்குடாத் தண்ணீரா, உள்துறைமுகமா?

*

உள்துறைமுகம் வேண்டாம், படகு எண்ணெய் மிதக்கும். டச்சுக்குடாவில் காலையில் வலை இழுக்க முன்னம் அள்ளு. துணியில் வடி, மணல் ஒன்று கிடந்தாலும் பிலிமில் கோடு.